காலேஜ் ஃபீஸை முதலீடாகக் கேட்கும் பையனின் அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் அனுப்பிய நீளமான செய்தியை இரண்டு தடவை படித்தேன். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் முடிக்கப்போகிறான், மூன்று அரியர் இருக்கிறது, அடுத்த வருட ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் வந்து நின்று "அந்தப் பணத்தை என்னிடம் கொடுங்கள், நான் கம்பெனி ஆரம்பிக்கிறேன்" என்கிறான், அவன் அப்பா பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார், நீங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டே தூது போகிறீர்கள். இது எனக்குப் புதிய கதை இல்லை. வருடா வருடம் ஃபீஸ் கட்டும் மாதத்தில் இப்படிச் சில வீடுகளாவது என்னைத் தேடி வரும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "கிரீஷ் மாத்ருபூதம் என்ன ஐஐடியா? நம்ம திருச்சிக்காரர்தானே, பிளஸ் டூவில் அவருக்கும் மார்க் கம்மிதானே?" என்று கேட்டானாம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை ஆரம்பித்தவரைச் சொல்கிறான். அவன் சொன்னது சரிதான். சொல்லப்போனால் பையன்கள் வழக்கமாகக் கொண்டுவரும் அமெரிக்கப் பெயர்களைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கதையின் கடைசிக் கால்பங்கை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன், நீங்களும் கேளுங்கள், அப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

கிரீஷுக்கு பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்தபோது உறவினர் ஒருவர் இவன் ரிக்‌ஷா இழுக்கத்தான் போகிறான் என்ற மாதிரி பேசியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். (இந்தச் சொந்தக்காரர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், உங்கள் வீட்டிலும் இருப்பார், அவரைக் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவிடாதீர்கள்.) அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் வீடியோக்களில் வேகமாக ஓட்டிவிடும் இடம். தஞ்சாவூர் பக்கம், இன்று சாஸ்த்ரா என்று நாம் சொல்கிற கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்தார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ. டிகிரி இல்லாமல் ஜெயித்தவர் என்று உங்கள் பையன் நினைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இரண்டு டிகிரி.

அப்புறம் வேலை. 2001-ல் சென்னையில் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார், அதைத்தான் இன்று ஸோகோ என்கிறோம். சேர்ந்தது பிரீசேல்ஸ் வேலைக்கு. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாடிக்கையாளரிடம் மென்பொருளை ஓட்டிக் காட்டி, "இது எங்கள் பழைய சிஸ்டத்தோடு ஒத்துப்போகுமா, அது ஏன் இப்படி வருகிறது" என்று அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை. பளபளப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு மென்பொருளை வாங்குகிறவன் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறான், எந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறான் என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அங்கிருந்து தயாரிப்பு நிர்வாகத்துக்குப் போனார், துணைத் தலைவர் வரை உயர்ந்தார். கிட்டத்தட்ட ஒன்பது வருடம்.

இப்போது நான் சொல்வதை மட்டும் தம்பியிடம் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். அந்த வருடங்களில் அவர் கையில் இருந்த தயாரிப்புகளில் ஒன்று, அலுவலகங்களின் ஐடி பிரிவுக்கான ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். "என் கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று ஒருவர் எழுதினால் அது ஒரு டிக்கெட்டாகப் பதிவாகி, யார் பார்க்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், யாராவது மறந்துவிட்டார்களா என்பதையெல்லாம் கணக்கு வைக்கும் சரக்கு. 2010-ல் அவர் வெளியே வந்து ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஆரம்பித்த ஃப்ரெஷ்டெஸ்க் என்ன? வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் எதைக் கற்றாரோ அதையேதான் சொந்தமாகச் செய்தார். அப்போது அவருக்கு வயது 35 ஆகியிருந்தது. கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, வீட்டுச் செலவு என்றால் என்னவென்று தெரிந்த வயது.

யோசனை எப்படி வந்தது என்ற கதையைப் பையன் ஏற்கெனவே சொல்லியிருப்பான். அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு திரும்பி வந்தபோது டிவி உடைந்து வந்தது, சாமான்களை ஏற்றிவந்த கம்பெனியிடம் நஷ்டஈட்டுக்காக மாதக்கணக்கில் போனும் மெயிலுமாக அலைந்தார், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் நடந்ததை இணையத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிப் போட்டார், உடனே அந்தக் கம்பெனி பெரிய மனிதரே வந்து மன்னிப்புக் கேட்டு பணமும் வந்தது. பிறகு ஒரு நாள், இதே மாதிரி ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் என்ற நிறுவனம் விலையை ஏற்றியதற்கு வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய் எழுதியிருந்ததை மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் பார்த்தார், இதை ஒழுங்காகச் செய்ய ஒருவர் வந்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று யாரோ போட்டிருந்த ஒரு கருத்து அவருக்குச் சுருக்கென்று பட்டது.

நல்ல கதைதான். ஆனால் டிவி உடைந்த வீடுகள் ஊரில் ஆயிரம். அந்தக் கருத்தை அன்றைக்குப் படித்தவர்களும் ஏராளமான பேர் இருந்திருப்பார்கள். அதில் இந்த மனிதருக்கு மட்டும் சுருக்கென்று பட்டதற்குக் காரணம் அந்த ஒன்பது வருடம். விலை ஏறினால் எந்த மாதிரி கம்பெனி முதலில் கழன்றுகொள்ளும், அவர்களுக்கு என்ன கொடுத்தால் வருவார்கள், அதைச் செய்ய எத்தனை பேர், எத்தனை மாதம் என்று அவரால் மனசுக்குள்ளேயே கணக்குப் போட முடிந்தது.

சின்ன இடத்தில், ஆறு பேரோடு சென்னையில் தொடங்கினார்கள். 2011-ல் வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் கல்லூரி. சென்னையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அலுவலகத்தை நம்பி, நேரில் பார்க்காமலே, ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி ஏன் வாங்கியது? மென்பொருளை மொத்தமாக விலைக்கு விற்காமல் இணையத்திலேயே மாத வாடகை மாதிரி கொடுக்கும் முறை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் கார்டைத் தேய்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். வாங்குகிறவருக்கு ஆபத்து குறைவு. விற்கிறவருக்கோ மாதா மாதம் பரீட்சை. அதே வருடம், புதுக் கம்பெனிகளில் பணம் போடும் அக்செல் நிறுவனத்தின் முதலீடு வந்தது, 2017-ல் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு 36 டாலருக்கு வெளியாகி 100 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்திருந்ததால் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்களானார்கள், அதில் 70 பேர் வரை 30 வயதுக்குக் கீழே. பையன் மனப்பாடமாக வைத்திருப்பது இந்தப் பத்தியைத்தான்.

இந்தப் பத்தியை நான் அப்பா கண்ணால் இன்னொரு தடவை படிப்பேன். அந்த 500 பேரில் யாரும் கம்பெனி ஆரம்பித்தவர்கள் இல்லை. வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பெனி சின்னதாக இருந்தபோதே சேர்ந்து, நின்று வேலை பார்த்தவர்கள். அதேபோல, பங்கு எப்போதும் மேலேயே இருக்கவும் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே வெளியீட்டு விலைக்குக் கீழே போய்விட்டது. 2024 மே மாதம் கிரீஷ் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை டென்னிஸ் உட்சைடிடம் கொடுத்தார், அதே வருடம் நவம்பரில் சுமார் 660 பேரை, அதாவது ஊழியர்களில் 13 சதவீதம் பேரை, வேலையிலிருந்து எடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. சறுக்கல் வரும் தொழிலில் இறங்குகிறவன் சறுக்கலையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் சொல்கிறேன்.

இவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கோ என்று நினைக்க வேண்டாம். ஹெச்சிஎல் ஷிவ் நாடார் திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர். கோவை பிஎஸ்ஜியில் படித்து, டெல்லியில் டிசிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்து, நண்பர்களோடு வெளியே வந்து, கம்ப்யூட்டர் செய்யப் பணம் வேண்டுமென்று முதலில் கால்குலேட்டர் விற்று, 1976-ல்தான் ஹெச்சிஎல் தொடங்கினார். ஸோகோ ஸ்ரீதர் வேம்பு ஐஐடி மெட்ராஸ், பிரின்ஸ்டனில் பிஎச்டி, குவால்காமில் வேலை, அப்புறம் 1996-ல் கம்பெனி. மூன்று பேருமே படிப்பை முடித்தவர்கள், மூன்று பேருமே முதலில் இன்னொருவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். பில் கேட்ஸ் ஹார்வர்டை விடவில்லையா என்று கேட்பான். விட்டார். 13 வயதிலிருந்து புரோகிராம் எழுதிப் பழகியவர், நிரந்தரமாக முடித்துக்கொள்ளாமல் லீவு மாதிரி எடுத்துக்கொண்டு போனவர், தோற்றிருந்தால் திரும்பி வந்து உட்காரக் கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவு உங்கள் பையனுக்கும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மத்தியக் கல்வித் துறையும், இன்ஜினியரிங் கல்லூரிகளை மேற்பார்வை பார்க்கும் ஏஐசிடிஇயும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையில், தொழில் தொடங்கும் மாணவருக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு வழி சொல்லியிருக்கிறது. எல்லாக் கல்லூரியும் அதைப் பின்பற்றுவதில்லை. உங்கள் கல்லூரியில் உண்டா என்று பிரின்சிபாலிடம் எழுத்தில் கேளுங்கள். பணத்துக்கும் வீட்டுச் சேமிப்பு ஒன்றுதான் வழி என்றில்லை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் இயக்கம் டான்சீட் என்ற திட்டத்தில் தேர்வாகும் நிறுவனங்களுக்கு, பொதுவாக 10 லட்சம் ரூபாய் வரை, ஆரம்ப நிதி தருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போதே, யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள் என்று கேள்வி வரும். அப்பா கோபமாகக் கேட்ட அதே கேள்வி, கோபமில்லாமல்.

அரியருக்கு வருகிறேன். இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஸ்டார்ட்அப் பற்றிப் பேசினான், சந்தை, முதலீடு, எல்லாம் பெரிய பெரிய வார்த்தை. அவன் அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போனதும் "எம்-டூ ரெண்டு தடவை போச்சு சார், மறுபடியும் எழுத பயமா இருக்கு" என்றான். அவனுக்குத் தேவைப்பட்டது கணக்கு டியூஷன். மூன்று மாதம் போனான், பாஸ் செய்தான், ஸ்டார்ட்அப் பேச்சு தானாக நின்றுவிட்டது. உங்கள் பையனும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எந்த மூன்று பேப்பர் என்று மட்டும் கேளுங்கள். திட்டாமல், கூட இன்னொருவர் இல்லாதபோது கேளுங்கள். புரோகிராமிங் பேப்பரே அரியர் என்றால் பேச வேண்டியது வேறு.

இனி தம்பிக்கு. தம்பி, நீ செய்திருப்பது அடுக்குமாடி வீடுகளுக்கான புகார் ஆப் என்று அம்மா எழுதியிருக்கிறார். லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் அதில் பதிவு செய்யலாம், சரியா? நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய், உன் ஹீரோ கை வைத்ததும் ஏறக்குறைய இதே இடம். உங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி மேஜையில் ஒரு நீளமான புகார் நோட்டு இருக்கும், பேனாவை நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதை எடுத்து ஆறு மாதத்துக்குப் பின்னால் புரட்டிப் பார். ஒரே வீட்டுக்காரர் ஒரே புகாரை எத்தனை தடவை எழுதியிருக்கிறார், எது அன்றைக்கே முடிந்தது, எதற்கு எதிரில் 'பிளம்பர் வரவில்லை' என்று கிறுக்கியிருக்கிறது, எந்தப் புகாரை யாருமே எழுதாமல் நேரில் கத்திவிட்டுப் போகிறார்கள் என்று செக்யூரிட்டி அண்ணனிடமே கேள். ஆப் இல்லாததால் பிளம்பர் வராமல் இருந்தாரா, போன மாதப் பணம் கொடுக்காததால் வராமல் இருந்தாரா என்று பார். பிறகு செயலாளரிடம் போய், மாதம் 500 ரூபாய் கேட்டால் கொடுப்பாரா என்று கேள். சும்மா கொடு, பார்க்கலாம் என்றுதான் முதலில் சொல்வார். உனக்குத் தெரியாத இன்னும் மூன்று குடியிருப்புகளிலும் போய்க் கேள், சொந்தக்காரர்கள், நண்பர்கள் இருக்கும் இடம் கணக்கில் வராது.

இதற்கெல்லாம் காலேஜை விட வேண்டியதில்லை, சனி ஞாயிறு போதும்.

அம்மா, உங்களுக்கு இரண்டு விஷயம். ஃபீஸைக் கட்டிவிடுங்கள். அது தவிர அவன் ஆப்புக்கு சர்வர் வாடகை, அலைச்சல் என்று மாதம் ஏதாவது ஒரு சின்னத் தொகை, திரும்பி வராவிட்டாலும் உங்களுக்குத் தூக்கம் கெடாத தொகை, முடிந்தால் அப்பா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நகையை வைக்காதீர்கள், வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள், அவன் பெயரில் தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம்.

செமஸ்டர் முடிந்த வாரத்தில் மூன்று பேருமாக வாருங்கள். லேப்டாப் வேண்டாம், பிரசன்டேஷனும் வேண்டாம். அந்தப் புகார் நோட்டில் அவன் எண்ணியதையும், எந்தக் குடியிருப்பாவது 500 ரூபாய் கொடுத்திருந்தால் அந்த ரசீதையும் மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.