வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு ஆப்

அன்புள்ள அக்கா,

நானும் இரண்டு நண்பர்களும் தாராவியில் வளர்ந்தவர்கள், கணினி படிக்கிறோம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் வேலைக்கு அலையும் பிள்ளைகளுக்காக ஒரு மொபைல் ஆப் செய்கிறோம். 15 முதல் 18 வயதுள்ளவர்கள் பெயர், போட்டோ, நம்பர் பதிந்தால் கடைக்காரர்கள் நேராகக் கூப்பிடலாம். சிலர் இதைக் குழந்தைத் தொழிலாளர் பிடிக்கிற வேலை என்கிறார்கள். செய்யலாமா?

ஒரு வாசகர், மும்பை

அன்புள்ள தம்பி,

செய்யுங்கள். ஆனால் திருப்பிப் போட்டுச் செய்யுங்கள். பிள்ளையின் போட்டோவும் நம்பரும் அதில் இருக்கவே கூடாது. பதிய வேண்டியது முதலாளிகள்தான்.

தாராவி 90 அடி சாலையில் ஒரு கடைக்கு ஆள் வேண்டுமென்றால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். மாமா சொல்லிவிடுவார், பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிப் போவார். எத்தனை மணி நேரம், என்ன கூலி, அது என்றைக்குக் கையில் வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கேட்டால் கூட்டிப் போனவருக்குச் சங்கடம் என்று பிள்ளை வாயே திறக்காது. மாதக் கடைசியில் "அடுத்த வாரம் வா" என்றால் பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? இதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். எழுதித் தராதவரின் வேலை ஆப்பில் ஏற வேண்டாம்.

குழந்தைத் தொழிலாளர் என்று சொல்பவர்களிடம் கோபப்படாதீர்கள், அந்தப் பயம் நியாயமானது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை, சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், ஆபத்தான தொழில்முறைகள் கூடாது. மற்ற வேலைகளிலும் இடைவேளையைச் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு. இதை விதிமுறைப் பக்கத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். காலை 10 முதல் இரவு 9 வரை என்று ஒரு கடைக்காரர் அடித்தால் ஆப் அதை வாங்கிக்கொள்ளவே கூடாது.

அப்புறம் பெண் பிள்ளைகள். முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தால், வீட்டில் முதலில் நிறுத்துவது அவள் படிப்பையாகக்கூட இருக்கலாம். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் எடுக்கிறது, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. எத்தனையோ வீடுகளில் இருப்பது ஒரே போன், அது அம்மா கையில். அதனால் வேலை விவரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும் குரல் வசதி கட்டாயம் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பக்கத்திலும் வையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. இரண்டு மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்து பழகிவிட்டால், பதினொன்றாவதில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு லீவு வேலைக்கும் முடியும் தேதியைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு பதினொன்றாவது சேர்க்கையைப் பற்றி அம்மாவின் போனுக்குச் செய்தி போகட்டும். இதை நீங்கள் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடம் காட்டுகிறேன்.