கொடுத்தவரை விடுங்கள், வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சிவன் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. எல்லாமே 'இன்னார் இவ்வளவு நிலம் கொடுத்தார்' என்றுதான் இருக்கிறதாம். இதை வைத்து ஊர் வரலாறு எழுத முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கொடுத்தவர் பெயரோடு நின்றுவிடாமல், கொடுத்த நிலம் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

முதலில், அவை ஏற்கெனவே பதிப்பாகியுள்ளனவா என்று தேடுங்கள். 1890இல் தொடங்கிய 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் முழு வாசகமே கிடைக்கும். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் இருப்பது சுருக்கம்தான்; அது உங்களுக்குப் போதாது. எழுத்து தெரியட்டும் என்று சுவரில் மாவோ எண்ணெயோ பூசிவிடாதீர்கள்.

சரி, வாசகம் கையில் வந்ததும் எல்லை சொல்லும் வரிகளுக்குப் போங்கள். 'கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு' என்றிருந்தால், நிலம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது, வாய்க்கால் அதன் கிழக்கு எல்லை என்று பொருள். இங்கேதான் பலர் திசையைக் குழப்பிக்கொள்கிறார்கள். வாய்க்கால், வதி, கண்ணாறு என்று நிலம் இருந்த இடத்தைக் காட்டும் பெயர்களைக் குறித்துக்கொண்டு கிராம வரைபடத்தோடு வயலில் நடங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய பெயர் ஏதாவது வாய்க்காலிலோ வயலிலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், தேவதான ஊர்களின், அதாவது கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஊர்களின், மொத்த நிலத்திலிருந்து வரியில்லா இடங்களைக் கழித்துக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியல். எழுதியவருக்கு அது வெறும் வரிக்கணக்கு. நமக்கோ, யார் எங்கே தள்ளி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே அதில் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சேரிகளில் இருந்தவர்கள் தாங்களே பேசுவதைக் கல்வெட்டில் எதிர்பார்க்காதீர்கள். எழுத வைத்தவர்கள் அரசரும் கோயிலும் நிலமுடையவர்களும்தான்.

நிலம் விற்றவர் தனி ஆளா, ஊராரா என்பதையும் கவனியுங்கள். திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை ஒப்பிட்ட ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, பிரமதேயமான (பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரான) ஈசானமங்கலத்தில் தனியுடைமையும், அல்லூரில் ஊராரின் கூட்டுடைமையும் இருந்ததை இப்படித்தான் கண்டார்.

வேலி என்ற பழைய நில அளவை ஏக்கராக மாற்றும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று அளவுகோலே பலவாக இருந்தது. ஆண்டு விஷயத்திலும் அவசரம் கூடாது. 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசர் புகழ் சொல்லும் தொடக்கப் பகுதி) தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ஆட்சியாண்டை 985இலிருந்து எண்ணலாம். வெறும் 'கோராசகேசரி' என்றிருந்தால் பொறுங்கள், ஒன்றுவிட்டு ஒரு சோழர் அந்தப் பட்டத்தைச் சூடியிருக்கிறார்.

அப்புறம், திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருக்கலாம். வாசகத்தில் வரும் நாடும் ஊரும் உங்களுடையவைதானா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.