டைகர் வூட்ஸ் ஆடினாரே, நான் ஏன் ஆடக்கூடாது?

கேள்வி: டொக்டர், எனக்கு 53 வயது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. கோல்ஃப் பழகியது பிந்தித்தான், ஆனால் டைகர் வூட்ஸின் ரசிகனாகி வெகுகாலம். அடுத்த மாதம் பொரளையில் எங்கள் நிறுவனத்தின் கோல்ஃப் போட்டி. அதற்கு உடம்பைத் தயார்படுத்தத் தினமும் காலையில் மரைன் டிரைவ் வழியாக ஓடத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் இடது கீழ்க்கால் எலும்பின் உட்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் நோவு வந்தது. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது; இப்போது படி ஏறும்போதும் இரவில் படுக்கும்போதும் இருக்கிறது. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்த டொக்டர் எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள், ஆறு வாரம் ஓய்வெடுங்கள் என்கிறார். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசி உருவிக்கொள்ளலாம் என்கிறார் மனைவி. பார்மசியில் வாங்கிய டைக்ளோஃபெனாக் குளிசை போட்டால் நோவு தெரிவதில்லை. பிரஷருக்கு லொசார்டன் எடுக்கிறேன். வூட்ஸ் 2008இல் காலில் இரண்டு வெடிப்புகளோடு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். எனக்கோ எக்ஸ்-ரேயே சுத்தமாக இருக்கிறது. ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு 18 குழிகள் ஆடினால் என்ன?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஆடாதீர்கள். ஊசியும் வேண்டாம். உங்களைப் பார்த்த டொக்டர் சொன்னதுதான் சரி. இதற்கு மேல் வாசிக்காவிட்டாலும் உங்கள் கால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் வூட்ஸைச் சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். நானும் அவருடைய ரசிகன்தான். பாதிச் சாட்சியத்தோடு வழக்கை முடிக்க எனக்கு மனமில்லை.

அந்தப் போட்டி நடந்த சான் டியேகோவுக்கும் கொழும்புக்கும் அந்தப் பருவத்தில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நான்காம் நாள் ஆட்டம் முடியும்போது இங்கே திங்கட்கிழமை விடிந்துவிட்டது. அன்றைய கடைசிக் குழியான 18ஆவது குழியில், ஏறத்தாழ 12 அடி தூரத்திலிருந்து அவர் தட்டிய பந்து உள்ளே விழுந்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விழுந்தது; ரொக்கோ மீடியேட் என்ற வீரரோடு சமநிலை. மறுநாள் இருவரும் மேலும் 18 குழிகள் ஆடினார்கள், அதிலும் சமநிலை. கடைசியில் 91ஆவது குழியில்தான் மீடியேட்டை அவர் வென்றார். நான்கு நாள்களில் மூன்று நாள் முதல் குழியிலேயே வகுத்த எண்ணிக்கையைவிட இரண்டு தடவை கூடுதலாகப் பந்தை அடித்துத் தடுமாறிய மனிதர் அவர். வீச்சு முடிந்ததும் கோலில் சாய்ந்து முகம் சுளித்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரசிகனாக அந்த ஐந்து நாள்களில் ஒரு நிமிடத்தைக்கூட நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வைத்தியனாகப் பார்த்தால் கதை முன்னும் பின்னும் நீள்கிறது. அவருடைய இடது முழங்கால் மூட்டைப் பிணைத்து வைக்கும் முன்புறச் சிலுவை இணைநார் 2007இலேயே, ஓடும்போது, அறுந்திருந்தது. 2008 ஏப்ரலில் அதே முழங்காலில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து எழுந்து ஜூன் போட்டிக்கு அவசரமாகத் தயாரானபோதுதான் கீழ்க்கால் எலும்பில் அந்த இரண்டு வெடிப்புகளும் வந்தன. போட்டிக்கு உடம்பைத் தயார்படுத்தப்போய் உடம்பையே கெடுத்துக்கொண்ட கதை இது. உங்களுக்கும் வூட்ஸுக்கும் உண்மையான ஒற்றுமை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வென்று எட்டே நாளில், ஜூன் 24 அன்று, இணைநாரைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டில் அடுத்து வந்த பெரும் போட்டிகளான பிரித்தானியப் பகிரங்கப் போட்டியிலும் பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பிலும் அவர் இல்லை. இரண்டையும் பாட்ரிக் ஹாரிங்டன் வென்றார். வூட்ஸ் மைதானத்துக்குத் திரும்பியது 2009 பெப்ரவரி இறுதியில். இப்படியான பெரும் போட்டி ஒன்றில் அடுத்த பட்டம் கிடைத்தது 2019இல், 43ஆவது வயதில். இடையில் முதுகும் வேறு பல விடயங்களும் வந்தன. அந்தப் பதினொரு ஆண்டுகளையும் இந்தக் காலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எட்டு மாதங்களைத் தாராளமாக எழுதலாம். கைப்பேசியில் நாம் பார்க்கும் காணொளி கிண்ணத்தைத் தூக்குவதோடு நின்றுவிடுகிறது. ஆடமுடியாமல் இருந்த மாதங்களை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

பழைய கோல்ஃப் வீரர் பென் ஹோகனின் கதையும் இப்படிப் பாதியாகவே சொல்லப்படுகிறது. 1949 பெப்ரவரியில் அவருடைய கார் பஸ்ஸோடு மோதி இடுப்பெலும்பும் கழுத்துப்பட்டை எலும்பும் கணுக்காலும் முறிந்தன. பிறகு காலில் இரத்தம் உறைந்து, கட்டிகள் மேலேறாமல் தடுக்க வயிற்றிலுள்ள பெருநாளத்தையே கட்டவேண்டி வந்தது. 1950 ஜூனில் மெரியன் மைதானத்தில், கால்களில் பட்டி சுற்றிக்கொண்டு, ஒரே நாளில் 36 குழிகள் நடந்து அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். இதைச் சொல்லாத கோல்ஃப் ரசிகர் இல்லை. விபத்துக்குப் பிறகு ஏறத்தாழ 11 மாதங்கள் அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஆடாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜூலையில் ரோரி மெக்கில்ராய் நண்பர்களோடு காற்பந்து விளையாடப்போய் இடது கணுக்காலின் இணைநார் அறுந்தது. அப்போது அவர் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் நடப்புச் சம்பியன். அந்த ஆண்டுப் போட்டி கோல்ஃபின் தாய்வீடான சென் அன்றூஸில். அதையும் விட்டுவிட்டார்! ஓகஸ்டில் பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பில் ஆடினார். எனக்கு இது குறைந்த வீரமாகத் தெரியவில்லை.

நோவோடு ஆடுவதே தவறு என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். 2018 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிக்கு முந்திய நாள் டோனி ஃபினாவ் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்ட மகிழ்ச்சியில் பின்பக்கமாக ஓடிக் கணுக்காலைப் பிசகவைத்து, அதை அங்கேயே கையால் அழுத்தி உள்ளே தள்ளினார். (வீட்டில் யாரும் முயற்சி செய்யவேண்டாம்.) மறுநாள் 68 அடிகளில் ஆட்டத்தை முடித்தார், போட்டியில் முதல் பத்து இடங்களுக்குள்ளும் வந்தார். ஆனால் அன்று காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பிறகுதான் களமிறங்கினார். நோவு இருந்தது, ஆடினால் மோசமாகும் சேதம் இல்லை என்பது தெரிந்திருந்தது. உங்கள் விடயத்தில் அது தெரியவில்லை. குளிசையால் நோவை மட்டும் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் காலுக்கு வருவோம். எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிய எலும்பைக் கட்டுகிறது. அரிப்பது விரைவாக நடக்கும். கட்டுவதற்கு வாரங்கள் ஆகும். அதனால் திடீரென்று ஓடத் தொடங்கியவருக்கு மூன்றாம், நான்காம் வாரங்களில் எலும்பு தற்காலிகமாகப் பலவீனமாக இருக்கும். உங்கள் நோவு மூன்றாம் வாரத்தில் வந்தது தற்செயல் அல்ல. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் விடுவதுபோல, அந்தப் பலவீனமான இடத்தில் நுண்ணிய வெடிப்பு விழுகிறது.

இந்த வெடிப்பு ஆரம்ப வாரங்களில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கிப் புதிய எலும்பு படியும்போதுதான் சிலருக்குத் தெரியவரும். சிலருக்கு அதுவும் இல்லை. ஆகவே சுத்தமான எக்ஸ்-ரே உங்களுக்கு நற்சான்றிதழ் அல்ல. கீழ்க்கால் முழுவதும் பரவலாக நோவு இருந்து, ஓய்வெடுத்ததும் போய்விட்டால் அது எலும்பைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சியாக இருக்கலாம். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோவு இருந்து இரவிலும் விடாவிட்டால் வெடிப்பைத்தான் முதலில் சந்தேகிப்போம். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

எம்.ஆர்.ஐ. எடுப்பது வெடிப்பு உண்டா இல்லையா என்று பார்க்க மட்டுமல்ல, எந்த இடத்தில் என்று பார்க்கவும்தான். எலும்பின் உட்புறப் பின்பக்கத்தில் இருந்தால் ஓய்வோடு பொதுவாக ஆறிவிடும். முன்விளிம்பில் இருந்தால் அது பொல்லாத இடம்: ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், முழு முறிவாகவும் மாறலாம், சிலருக்கு உள்ளே கம்பி வைக்கவேண்டியும் வரும். நீங்கள் சொல்லும் இடம் முதல் வகையைப்போல் இருக்கிறது. கடிதத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கோல்ஃபில் என்ன பெரிய சுமை என்று கேட்பீர்கள். வலக்கைக்காரருக்கு வீச்சின் முடிவில் உடம்பு முழுவதும் இடது காலின் மேல் திரும்பி நிற்கிறது. அந்த நொடியில் இடது முழங்காலில் உடல் எடையின் நான்கு மடங்குக்குக் குறையாத விசை இறங்குவதை அளந்திருக்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முறுக்கலையும் சேர்த்துத் தாங்கவேண்டும். இதற்கு மேல், 18 குழிகளை நடந்து முடிக்க எட்டு முதல் பத்து கிலோமீட்டர். பொரளை மைதானத்தில் களனிவெளி ரயில் குறுக்கே போகும்வரை நிற்கும் நேரம்தான் உங்கள் காலுக்குக் கிடைக்கும் ஓய்வு.

அடுத்தது அந்தக் குளிசை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது கால் அல்ல, இதுதான். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். லொசார்டனும் சிறுநீரகத்தின் உள் அழுத்தத்தை மாற்றும். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கொழும்பு வெயிலில் நான்கு மணி நேரம் வியர்வை சிந்தி நடந்தால், 53 வயதுச் சிறுநீரகம் திடீரென்று வேலைநிறுத்தம் செய்யக்கூடும். டைக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும், இரைப்பையையும் புண்ணாக்கும், இருதயத்துக்கும் நல்லதல்ல. எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்துமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அதை நான் வாதத்துக்கு எடுக்கவில்லை. இன்றே நிறுத்துங்கள். நோவுக்கு பனடோல் போதும்: ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. ஈரல் வருத்தமோ மதுப் பழக்கமோ இருந்தால் அதிலும் குறைவு. அளவை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். லொசார்டனை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றையும் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

வெயிலைச் சொன்னதும் கென் வென்டூரி நினைவுக்கு வருகிறார். 1964 அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் கடைசி நாளில், கடும் வெப்பத்தில் 36 குழிகள். இடையில் வைத்தியர் ஆடவேண்டாம் என்று சொல்லியும் ஆடி வென்றார். அடுத்த ஆண்டிலிருந்து இறுதி நாளை 18 குழிகளாகக் குறைத்துவிட்டார்கள். வென்டூரி பாடம் படித்தாரோ இல்லையோ, போட்டியை நடத்தியவர்கள் படித்தார்கள்.

ஊசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெடித்த எலும்புக்கு ஸ்டீரோய்ட் ஊசி சிகிச்சையே அல்ல. மரக்கச் செய்யும் ஊசி, நிறுத்து என்று சொல்லும் ஒரே குரலையும் அடைத்துவிடும். மனைவியிடமும் பணிவாகச் சொல்லுங்கள்: வெடிப்புச் சந்தேகம் தீரும்வரை எண்ணெய் பூசி உருவுவது வேண்டாம். சுளுக்குக்கு அது சுகம் தரலாம். வெடித்த எலும்பை அழுத்தி உருவினால் நோவுதான் கூடும்.

செய்யவேண்டியது என்ன? எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை ஓட்டம், நீண்ட நடை, படிக்கட்டு எல்லாவற்றையும் விடுங்கள்; சாதாரணமாக நடந்தாலே நோவென்றால் ஊன்றுகோலோ காலணி வடிவிலான தாங்கியோ தேவைப்படும். இரத்தத்தில் விட்டமின் டி, கல்சியம், தைரொய்ட், சீனி நான்கையும் பாருங்கள். வெயில் கொட்டும் ஊரில் இருந்துகொண்டே காலை முதல் மாலை வரை குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்களுக்கு விட்டமின் டி குறைவது சர்வசாதாரணம். ஆஸ்துமாவுக்கோ வேறு வருத்தத்துக்கோ நீண்டகாலம் ஸ்டீரோய்ட் குளிசை எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியையும் அளக்கவேண்டி வரும். சாப்பாட்டில் பால், தயிர், குரக்கன், முள்ளோடு தின்னும் நெத்தலி எல்லாம் நல்லவை. நெத்தலி பச்சையாக இருக்கட்டும். பிரஷர்காரருக்குக் கருவாட்டின் உப்பு வேண்டாம். புகைபிடிப்பவர் என்றால் எலும்பு ஆறுவது பிந்தும்.

உட்புறப் பின்பக்க வெடிப்பு என்றால் ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலானோர் நோவில்லாமல் நடக்கிறார்கள். அதன் பிறகும் நேரே 18 குழிகளுக்குப் போகக்கூடாது. முதலில் பந்தைக் குழிக்குள் தட்டும் பயிற்சி, அடுத்து குறுகிய அடிகள், அதன் பின் அரை வீச்சு, கடைசியில்தான் முழு வீச்சு. எந்தக் கட்டத்தில் நோவு திரும்பினாலும் ஒரு கட்டம் பின்னே போகவேண்டும். ஓய்வுக் காலத்தில் நீச்சல் அடிக்கலாம். நோவில்லையென்றால் நிலையான சைக்கிளும் மிதிக்கலாம்.

ஒன்றை மட்டும் காத்திருக்காமல் கவனியுங்கள். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் நொந்தால் அது வெடிப்பின் வேலை அல்ல. ஹோகனுக்கு வந்ததுபோல் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். ஒரு நாள் திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனாலும் அப்படித்தான்.

கண்ணாடியில் பார்க்க ஒரு கோல்ஃப் வீரர் வேண்டுமென்றால் வூட்ஸை விட்டு அன்று தோற்றவரைப் பாருங்கள். அப்போது வூட்ஸுக்கு 32 வயது, மீடியேட்டுக்கு 45. அவர் முன்பு முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒதுங்கியிருந்து, திரும்பி வந்தவர். உலகத் தரவரிசையில் நூறுக்கும் கீழே இருந்த அந்த மனிதர், உலகின் முதலாம் இடத்தவரை 91ஆவது குழிவரை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தார்.

நிறுவனப் போட்டிக்கு இந்தத் தடவை மதிப்பெண் எழுதுபவராகப் பெயர் கொடுங்கள், கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்துகொண்டு. கணக்குப் பிரிவுக்காரருக்குப் பொருத்தமான வேலைதான். எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்ததும் வெடிப்பு எந்தப் பக்கத்தில் என்று எழுதியிருக்கும் வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். முன்விளிம்பு என்று இருந்தால் எனக்கு எழுதுவதற்கு முன்பே எலும்பியல் நிபுணரிடம் போய்விடுங்கள்.