நன்றி சொல்லும்போது விற்காதீர்கள்: வாடிக்கையாளர் உறவு பற்றிய கேள்வி பதில்

சிறு தொழில் நடத்துபவர்கள் சிலர், தங்களுக்குத் தொடர்ந்து வேலை தரும் நிறுவனங்களுக்கு எப்படி நன்றி காட்டுவது என்று கேட்டிருந்தார்கள். கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (அச்சகம் நடத்துபவர்): வருடக் கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் பெயர் போட்ட டைரியும் பேனாவும் அனுப்புகிறோம். கிடைத்தது என்றுகூட யாரும் சொல்வதில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம். உங்கள் பெயர் அச்சிட்ட பொருள் உங்களுக்கு விளம்பரம். வாங்குகிறவரும் அப்படித்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக, ஒரு பெரிய வேலை முடிந்த அதே வாரத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று பொதுவாக வேண்டாம். 'அட்டையைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, ப்ரூஃபை அன்று இரவே பார்த்து அனுப்பினீர்கள். அதனால்தான் சொன்ன தேதிக்கு எங்களால் முடித்துத் தர முடிந்தது' என்று எழுதுங்கள். இது வேறு யாருக்கும் அனுப்ப முடியாத கடிதம் என்பது படித்ததுமே தெரிய வேண்டும்.

கேள்வி (அலுவலகத் தளவாடங்கள் விற்பவர்): அந்தக் கடிதத்திலேயே அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே?

பதில்: தயவுசெய்து சேர்க்காதீர்கள். 1976-ல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நகைக்கடையின் வாடிக்கையாளர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினருக்குப் போன் செய்து நன்றி மட்டும் சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்கு நன்றியோடு சிறப்பு விற்பனை பற்றியும் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரை அழைக்கவே இல்லை. நன்றி மட்டும் கேட்டவர்களின் கொள்முதல் 70 சதவீதம் கூடியது. விற்பனைச் செய்தியையும் கேட்டவர்களிடம் 30 சதவீதம்தான். மூன்றாம் பிரிவில் ஏற்றமே இல்லை. ஒரே ஒரு கடையில் நடந்தது, பழைய ஆய்வும்கூட. எனவே எண்களை அப்படியே உங்கள் தொழிலுக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் காரணம் புரிகிறது அல்லவா? தள்ளுபடி வரியைப் படித்ததும், மேலே இருந்த நன்றி வெறும் முன்னுரையாகிவிடுகிறது. தள்ளுபடியைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் வேறொரு நாளில், தனி மடலில்.

கேள்வி (அதே நண்பர்): சரி, அப்படியானால் நன்றி சொன்னால் வியாபாரம் கூடும் என்று நம்பலாமா?

பதில்: அந்தக் கணக்கோடு ஆரம்பிக்காதீர்கள். சுமார் 5 லட்சம் நன்கொடையாளர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் நன்றி அழைப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அடுத்து நன்கொடை கொடுத்ததில் வித்தியாசமே தெரியவில்லை. ஆர்டர் வராவிட்டால் நன்றி வீண் என்று நினைப்பவர் இரண்டாவது வருடமே நிறுத்திவிடுவார். வாடிக்கையாளர் நமக்கு வேலை கொடுத்தார், நம்மை நம்பினார், அதற்குத்தான் நன்றி.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): எழுத உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கிறது. வார்த்தைகள் செயற்கையாக வருகின்றன.

பதில்: உங்களுக்கு மட்டுமல்ல. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அளவுக்கு மீறிக் கவலைப்பட்டார்கள். கிடைத்தவர்களோ, எழுதியவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். நாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், படிப்பவர் பாசத்தைப் பார்க்கிறார். நான்கு வரி போதும், அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருப்பவர்): எங்கள் வாடிக்கையாளர்களில் அரசு அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் உண்டு. பரிசு அனுப்பலாமா?

பதில்: முதலில் அவர்களுடைய பரிசு விதியைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கான பொது விதிப்படி, ஒரே தரப்பிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், வருடத்துக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் வாங்கக் கூடாது. ரொக்கத்துக்கு இந்தச் சலுகையும் கிடையாது. தனியார் என்றாலும் கவனம் தேவை: பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் இரு தனியார் நிறுவனங்களுக்கிடையே நடக்கும் லஞ்சத்தையும் குற்றமாகவே பார்க்கிறது. டெண்டரோ ஒப்பந்தப் புதுப்பிப்போ நடக்கும் சமயத்தில் எதையுமே அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு அனுப்பிய பொருள் வாங்கியவருடைய வேலைக்கே உலை வைத்துவிடலாம். கடிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவர்): போன மாதம் சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு நல்ல பரிசு அனுப்பிச் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். என்ன நடந்தது, இனி எப்படித் தடுப்பீர்கள் என்பதை நேராகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பில்லில் குறைக்க வேண்டியதைக் குறையுங்கள். அடுத்த இரண்டு மூன்று சரக்கு ஒழுங்காகச் சேர்ந்த பிறகு, பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்லலாம்.

கேள்வி (கட்டட வரைபட நிறுவனம்): வாடிக்கையாளர் நிறுவனத்தின் முதலாளிக்கு மட்டும் நன்றி சொன்னால் போதுமா?

பதில்: உங்கள் பில்லுக்கு நாள் தவறாமல் பணம் அனுப்பிவைக்கும் அவர்களுடைய கணக்குப் பிரிவு ஊழியரை யாராவது நினைக்கிறார்களா? அவருக்கும் எழுதுங்கள். அவருடைய மேலதிகாரிக்கு ஒரு நகல் போனால் இன்னும் நல்லது.

கேள்வி (வடிவமைப்பாளர்): வாடிக்கையாளரின் பெயரையும் சின்னத்தையும் எங்கள் வலைத்தளத்தில் போட்டு நன்றி சொல்லலாமா?

பதில்: எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகு போடலாம். ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தயங்கினார் என்றால் வற்புறுத்தாதீர்கள்.