பழச் சோடா செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

கேள்வி: பழச்சாற்றை இயற்கையாக நொதிக்கவிட்டு வீட்டிலேயே சோடா செய்ய ஆசை. ஆன்லைனில் தேடினால் ஜாடி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி), நொதிப் பொடி (ஈஸ்ட்), அழகான சதுரப் பாட்டில்கள் என்று ஒரு மூட்டையே 'செட்' என விற்கிறார்கள். எல்லாம் தேவையா?

பதில்: தேவையில்லை. யோசித்துச் செலவழிக்க வேண்டியது பாட்டிலுக்கு மட்டும்தான். அதிலும் அந்தச் சதுரப் பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள்.

காரணம் சர்க்கரைக் கணக்கில் இருக்கிறது. ஈஸ்ட் 4 கிராம் சர்க்கரையைத் தின்றால் சுமார் 2 கிராம் கரியமில வாயு வரும். கடை சோடாவின் சுர்ரென்ற குமிழிக்கு லிட்டருக்கு 7, 8 கிராம் வாயு போதும். அதாவது 15 கிராம் சர்க்கரை. ஆனால் இனிப்பான பழச்சாற்றில் லிட்டருக்கு 100 கிராம், சிலவற்றில் அதற்கு மேலும் சர்க்கரை இருக்கும். மூடிய பாட்டிலை வெளியே மறந்து வைத்தால் ஈஸ்ட் அளவு பார்த்து நிறுத்தாது. அழுத்தம் ஏறும்போது சதுரப் பாட்டில்தான் முதலில் உடையும்; தட்டையான பக்கமும் மூலையும் தாங்காது. கம்பிப் பூட்டு இருப்பதாலேயே பாட்டில் வலுவானது என்று நம்பிவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றி வைக்கவும் அதே தோற்றத்தில் விற்கிறார்கள். வட்டமான, கனமான கண்ணாடி, 'வாயு நிறைந்த பானத்துக்கு ஏற்றது' என்ற வரி: இரண்டும் இருந்தால் வாங்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் சில முறை காலியான பிளாஸ்டிக் சோடா பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்துங்கள். அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கல் மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜுக்குள். அங்கேயும் நொதிப்பு மெதுவாக நடக்கும், அதனால் சில நாட்களில் குடித்துவிடுங்கள். பிறகு கண்ணாடிக்கு மாறினாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கூடவே நிரப்பி வையுங்கள், அதுதான் உங்கள் மீட்டர்.

நொதிப் பொடிக்குப் பதில் இஞ்சி, அதன் தோலிலேயே ஈஸ்ட் இருக்கும். இரண்டு கப் தண்ணீரில் தோலோடு துருவிய இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன். தினமும் இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் சேர்த்துக் கிளறினால் ஐந்தாறு நாளில் குமிழி வரும். வடிகட்டி, லிட்டர் சாற்றுக்குக் கால் கப். ஒரு வாரமாகியும் அசைவே இல்லையென்றால் வேறு இஞ்சியில் தொடங்குங்கள். பூஞ்சை பிடித்தால் கொட்டிவிடுங்கள். ஏர்லாக் ஒயின் செய்பவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பாக்கெட் ஜூஸில் இரண்டு முறை செய்தேன், ஒரு குமிழிகூட இல்லை. ஜூஸ் போலியா?

பதில்: போலி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பாக்கெட்டின் பின்பக்கம் பொட்டாசியம் சார்பேட் அல்லது சோடியம் பென்சோயேட் என்று இருக்கிறதா பாருங்கள். ஈஸ்ட்டை வளரவிடாமல் தடுப்பதற்கே அவற்றைச் சேர்க்கிறார்கள். அவை இல்லாத ஜூஸை வாங்குங்கள். செயற்கை இனிப்பு போட்ட பானமும் உதவாது, ஈஸ்ட்டுக்கு அதில் சாப்பாடு இல்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டு இஞ்சிக் கலவைக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? விளம்பரத்தில் 'ஆல்கஹால் இல்லாதது' என்கிறார்கள்.

பதில்: ஈஸ்ட் வாயுவை உண்டாக்கும்போதே ஏறக்குறைய அதே எடைக்கு ஆல்கஹாலையும் உண்டாக்கும். இரண்டு நாள் வைத்ததில் கொஞ்சம், அதிக நாள் வைத்தால் அதிகம். எனவே அந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆல்கஹால் கூடவே கூடாது என்பவர்கள் ஆகியோருக்கு, கடையில் வாங்கிய வெறும் சோடாவில் சாற்றைக் கலந்து கொடுத்துவிடுங்கள்.