ஹுவான் இதால்கோவின் மேடை இசை: கேள்வி பதில்

கேள்வி: இதால்கோ யார்?

பதில்: 1614இல் மாட்ரிடில் பிறந்து 1685இல் அங்கேயே மறைந்தவர். அரண்மனைத் தேவாலயத்தில் ஹார்ப் வாசித்தார். நான்காம் பெலிப்பே மன்னரின் அவைக்காக நாடகாசிரியர் கால்டெரோன் எழுதிய புராண நாடகங்களுக்கு இசையமைத்தவரும் அவரே.

கேள்வி: ஸ்பெயினின் முதல் ஓபரா, அதாவது முழுவதும் பாடப்படும் நாடகம், அவருடையதுதானே?

பதில்: இல்லை. 1627இல் நாடகாசிரியர் லோபே தே வேகா எழுதிய 'லா செல்வா சின் அமோர்' ஓபரா அரங்கேறியது. அதன் இசை தொலைந்துவிட்டது. முழுமையாகக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது இதால்கோவின் 'செலோஸ் அவுன் தெல் ஐரே மாதான்' (பொறாமை, காற்றின் மீதானாலும், கொல்லும்; 1660).

கேள்வி: அதன் ஒலிப்பதிவில் வயலின்களும் புல்லாங்குழல்களும் அருமை. இதால்கோவின் வாத்திய அமைப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: ஒலிப்பதிவைக் கேட்டு இசையமைப்பாளரை எடைபோடாதீர்கள் என்று எச்சரிப்பது இதற்காகத்தான். கைப்பிரதியில் இருப்பவை பாடும் குரல்களும் அடியில் ஓடும் ஒரு தாழ்சுர வரியும் மட்டுமே. அந்த வரியை ஹார்ப்பும் கிதாரும் வாசிப்பவர்கள் தாமே நிரப்பிக்கொள்வார்கள். நீங்கள் வியந்த வயலின்கள் இன்றைய நடத்துநரின் தேர்வு. இதால்கோவின் திறமை வேறிடத்தில் இருக்கிறது: இத்தாலியர்களைப் போல உரையாடலையெல்லாம் பேச்சோசையில் ஓட்டாமல், ஒரே மெட்டைச் செய்யுளுக்குச் செய்யுள் திரும்பப் பாடவைத்தே கதையை நகர்த்துகிறார். கதை இதுதான்: வேட்டையில் களைத்த செபாலோ இளங்காற்றை 'ஆவுரா' என்று அழைக்க, அது வேறொருத்தியின் பெயரென்று புதருக்குள் ஒளிந்திருக்கும் மனைவி போக்ரிஸ் வெதும்புகிறாள். புதர் அசைய, விலங்கென்று எண்ணி அவன் எறியும் ஈட்டி அவளைக் கொல்கிறது.

கேள்வி: 'லா புர்புரா தே லா ரோசா' ஓபரா 1701இல் பெருவின் லிமாவில் அரங்கேறியது. கைப்பிரதியில் இசையமைப்பாளர் தொர்ரெஹோன் இ வெலாஸ்கோவின் பெயர்தான் இருக்கிறது. இதிலும் இதால்கோவின் இசை உண்டென்கிறீர்களே, அவரை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: கால்டெரோனின் இதே நாடகம் 1660இல், மன்னரின் மகள் மரியா தெரேசாவுக்கும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கும் நடந்த திருமணத்தையொட்டி, மாட்ரிடில் மேடையேறியது. அந்த இசை கிடைக்கவில்லை. இதால்கோவுடையது என்பதே பொதுவான கருத்து. தொர்ரெஹோன் 1667இல் பெருவுக்குக் கப்பலேறுமுன் ஸ்பெயினிலேயே வளர்ந்தவர். லிமா பிரதியின் நடையும் மாட்ரிட் நடையை ஒத்திருக்கிறது. ஆகவே அதில் இதால்கோவின் இசை கலந்திருக்கிறது என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே.

கேள்வி: அப்படியானால் தொர்ரெஹோன் செய்தது திருட்டு!

பதில்: அவசரப்படாதீர்கள். மேடை இசையை அந்தந்தக் குழுவுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். புதிய மன்னர் ஐந்தாம் பெலிப்பேயை வாழ்த்தும் முன்னுரைப் பாடல் லிமாவுக்கென்றே எழுதப்பட்டது. அது மாட்ரிடிலிருந்து வந்திருக்க முடியாது.

கேள்வி: ஸ்பெயினின் முதல் ஓபரா எது?

பதில்: மேலே இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: ஹோசே தே நெப்ராவின் சார்சுவேலாக்கள் (பேச்சும் பாட்டும் கலந்த ஸ்பானிய இசைநாடகங்கள்)?

பதில்: அவர் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்; அந்தக் காலத்தில் தோய்ந்த ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: 'செலோஸ்' ஒலிப்பதிவில் ஆண் பாத்திரங்களையும் பெண்களே பாடுகிறார்கள். இதுவும் நடத்துநரின் தேர்வா?

பதில்: இல்லை, இது அக்கால வழக்கமே. ஸ்பானிய மேடையில் பாடியவர்கள் பெரும்பாலும் நாடகக் குழு நடிகைகள். ஆண் குரல் நகைச்சுவைப் பாத்திரத்துக்கே ஒதுக்கப்பட்டது.