தெஷுவா: திரும்பி வருவது பற்றிச் சில கேள்விகள்

யூதர்களின் 'தெஷுவா'வைப் பாவமன்னிப்பு என்று தமிழில் சொல்லலாமா?

வேண்டாம். மன்னிப்பது கடவுளின் வேலை, தெஷுவா மனிதனின் வேலை. 'ஷூவ்' என்ற எபிரேய வேருக்குத் 'திரும்பு' என்று பொருள். தமிழ் பைபிளின் 'மனந்திரும்புதல்' இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் யூத மரபுக்கு மனம் மட்டும் திரும்பினால் போதாது, கையும் காலும் சேர்ந்து திரும்ப வேண்டும். யூதர்களின் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்று பிற்பகல் ஜெப ஆலயங்களில் யோனாவின் புத்தகம் முழுவதையும் வாசிப்பார்கள். அதில் நினிவே நகரத்து மக்கள் இரட்டு என்னும் முரட்டுத் துணியை உடுத்தி உபவாசம் இருந்தார்கள் அல்லவா? கடவுள் அந்த இரட்டைப் பார்த்தார் என்றோ உபவாசத்தைப் பார்த்தார் என்றோ அங்கே எழுதியிருக்கவில்லை, அவர்களுடைய செய்கைகளைப் பார்த்தார் என்றுதான் இருக்கிறது என்று யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னா சுட்டிக்காட்டுகிறது.

யோம் கிப்பூரில் 25 மணி நேரம் பட்டினி கிடந்தால் எல்லாப் பாவமும் தீர்ந்துவிடுமா?

தீராது. கடவுளுக்கு எதிராகச் செய்ததற்கு அந்த நாள் பரிகாரம் தரும். சக மனிதனுக்குச் செய்த தீங்குக்கு, அவனைச் சமாதானப்படுத்தும் வரை பரிகாரம் இல்லை. இதுவும் மிஷ்னா சொல்வதுதான். அதனால்தான் அதற்கு முந்தைய நாட்களில் யூதர்கள் ஆளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். அவர் மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். இப்படி மூன்று முறை கேட்டும் இரங்கவில்லை என்றால் விட்டுவிடலாம். குற்றம் இப்போது மறுத்தவர் பக்கம் சேர்கிறது.

அவர் இறந்துபோயிருந்தால்? பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன்னால் "இவருக்கு நான் இன்ன தவறு செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை முறை படித்தாலும் இந்த விதி என் நெஞ்சை அடைக்கிறது. நம்மில் பலருக்கும் அப்படி ஒரு கல்லறை இருக்கிறது.

திருடிய பொருளைத் திருப்பித் தர முடியாத நிலையில் என்ன செய்வது?

ஒருவன் மர உத்தரம் ஒன்றைத் திருடி வீட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டான். வீட்டை இடித்து அதையே எடுத்துக்கொடு என்றது ஷம்மாய் என்ற பழைய யூத அறிஞரின் பள்ளி. விலையைக் கொடுத்தால் போதும் என்றது ஹில்லேல் என்ற அறிஞரின் பள்ளி. வீட்டையே இடிக்கச் சொன்னால் எந்தத் திருடன் திருந்த வருவான்? திரும்பி வருகிறவனுக்கு வழியை அடைக்காதே என்ற அக்கறையே அந்தத் தீர்ப்புக்குக் காரணம்.

யூத மத குருவான ரபியிடம் பாவசங்கீர்த்தனம் உண்டா?

இல்லை. நேராகக் கடவுளிடமே அறிக்கையிடுவார்கள். சபையாகச் சொல்லும்போது "குற்றம் செய்தோம்" என்று பன்மையில் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள்.

உண்மையிலேயே திருந்திவிட்டேன் என்று எப்படித் தெரியும்?

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்குக் கறாரான அளவுகோல் ஒன்றைத் தந்தார். அதே தவறைச் செய்ய மறுபடி வாய்ப்பு வருகிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது, பயமும் காரணமில்லை, ஆனாலும் செய்யாமல் விலகுகிறாய். அதுதான் முழுமையான தெஷுவா. முதுமையில் ஆசை ஓய்ந்து விலகுவதையும் அவர் தள்ளிவிடவில்லை. சிறந்தது அல்ல, ஆனாலும் அதுவும் ஏற்கப்படும் என்றார்.

வாழ்நாள் முழுக்கத் தவறாக வாழ்ந்தவருக்கு இனி நேரம் இருக்கிறதா?

மிஷ்னாவையும் அதன் விரிவுரையையும் கொண்ட தால்முத் சொல்லும் எலெயாசார் பென் தோர்தயாவின் கதை உங்களுக்காகவே சொன்னது போல இருக்கிறது. விலைமாதர் ஒருத்தியையும் விடாத மனிதர் அவர். "உன் தெஷுவா ஒருநாளும் ஏற்கப்படாது" என்று அவர்களில் ஒருத்தியே சொல்லிவிட, மலைகளிடம் போய் எனக்காக மன்றாடுங்கள் என்றார். மறுத்தன. வானம், பூமி, சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் எல்லாம் மறுத்தன. கடைசியில் "இது என் ஒருவன் கையில்தான் இருக்கிறது" என்று முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்து அழுதார். அழுதபடியே உயிர் பிரிந்தது. அப்போது வானத்திலிருந்து ஒரு குரல், மறுமை வாழ்வுக்கு அவரை அழைத்தது. வெறும் பெயரைச் சொல்லி அல்ல, 'ரபி எலெயாசார்' என்று.